கவிழ்ந்த கயாக்கைக் கைவிடாமல் இருப்பது எப்படி?

துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகுதான் கயாக். அது சாய்ந்து தண்ணீரில் விழுந்து மேலே வந்ததும் நான் செய்த முதல் காரியம், முகத்தில் வழிந்த உப்புத்தண்ணீரை இரண்டு கையாலும் துடைத்தது. அந்த இரண்டு விநாடியில் படகு போய்விட்டது.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தின் வடகரை அது. ஆகஸ்ட் மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். கரையோரத்தில் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. வாடகைக்கு எடுத்த கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. திரும்பலாம் என்று படகை வளைக்கும்போது பக்கவாட்டில் வந்த சிற்றலை என்னை மட்டும் தள்ளிவிட, படகு தானாக நிமிர்ந்துகொண்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நாலடி தள்ளி நிற்கிறது. எட்டிப் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நாலு கை போட்டேன். எட்டடி தள்ளிப் போயிருந்தது. எனக்கு நன்றாக நீந்த வரும். இன்னும் முப்பது நாற்பது கை வேகமாகப் போட்டேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். படகு லேசாக ஆடிக்கொண்டே விலகிப் போய்க்கொண்டிருந்தது.

வலை எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு வள்ளம் என்னைப் பார்த்தது. என்னைத் தூக்கி உள்ளே போட்ட பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நீந்தத் தெரியும்னா வள்ளத்த விட்டுர்றதா தம்பி?"

அன்றிலிருந்து நான் யாருக்குக் கயாக் சொல்லிக்கொடுத்தாலும் துடுப்புப் போடுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

படகு ஏன் ஓடுகிறது

கடல் கயாக் ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளம், அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம், இருபத்தைந்து கிலோவை ஒட்டிய எடை. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து அடைத்த காற்றறைகள் இருப்பதால் மூழ்காது. ஆள் இல்லாத கயாக் தண்ணீருக்குள் ஒரு சாண்கூட இறங்காது. மிச்சமெல்லாம் பாய் மாதிரி காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும். நாமோ கழுத்து வரைக்கும் தண்ணீரில் இருக்கிறோம். படகைக் காற்று தள்ளுகிறது, நம்மைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டும் உடுப்புமாக அலையில் நீந்தும் சாதாரண ஆள் விநாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம். படகு அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனால் போதும், இடைவெளி கூடிக்கொண்டேதான் இருக்கும்.

2007-இல் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ மெக்காலே, டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாகக் கயாக்கில் கிளம்பினார். ஏறத்தாழ ஒரு மாதம் கடலில் இருந்து, நியூசிலாந்துக் கரையை நெருங்கிய நேரத்தில், பிப்ரவரி 9 அன்று அவரிடமிருந்து உதவி கேட்டு ரேடியோவில் ஓர் அழைப்பு வந்தது. மறுநாள் தேடிப் போனவர்களுக்குக் கயாக் கிடைத்தது. அவர் கிடைக்கவே இல்லை. உலகின் தேர்ந்த கயாக் வீரர்களில் ஒருவருக்கு இப்படி ஆகியிருக்கிறது. அவரை நினைக்காமல் நான் கடலுக்குள் இறங்குவதில்லை.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதுதான் அடுத்தது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கச்சான் என்ற மேல்காற்றும் சோழகம் என்ற தென்காற்றும் வீசும் மாதங்களில் தென்கடல் குமுறிக்கொண்டிருக்கும், வடகடல் அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அந்த அமைதியை நம்பி வடக்கே இறங்குகிறார்கள். அங்கே காற்று நின்றுவிடவில்லை. நம் முதுகுக்குப் பின்னாலிருந்து, நிலத்தைத் தாண்டி, கடலை நோக்கி வீசுகிறது. அலை எழும்ப இடம் இல்லாததால் கரையோரம் வழவழவென்று கிடக்கிறது, அவ்வளவுதான். அங்கே கையை விட்ட கயாக் கரைக்கு வராது. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், லைம் ரீஜிஸிலிருந்து பக்கத்து ஊரான சார்மவுத்துக்குக் கயாக்கில் கிளம்பிய பள்ளிக் குழுவுக்கும் இப்படித்தான் ஆனது. எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள். கரையிலிருந்து வீசிய காற்று அவர்களைக் கடலுக்குள் கொண்டுபோனது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்து நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பிரிட்டனில் இளைஞர்களுக்கான சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அதனால்தான் வந்தது.

கிளம்பும் முன் கரையில்

படகின் விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு ஓடும். நான் அதைச் சுற்றுக்கயிறு என்பேன். ஐந்து ஆறு மில்லிமீட்டர் தடிமன், இழுத்தால் நீளாத வகை. தண்ணீரில் விழுந்தவருக்குப் பிடி அதுதான். படகின் மேல்தளமான டெக்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாக எலாஸ்டிக் கயிறும் இருக்கும். அது வரைபடம், தண்ணீர் பாட்டில் செருகுவதற்கு. அலை இழுக்கும்போது எலாஸ்டிக்கைப் பிடித்தால் ஒரு முழம் நீளும், கொக்கி கழன்று கையோடு வந்துவிடும். நான் அன்றைக்கு எடுத்த வாடகைப் படகில் எலாஸ்டிக் மட்டும்தான் இருந்தது. கிளம்பும் முன் அதை நான் கவனிக்கவில்லை.

சுற்றுக்கயிற்றை ஒவ்வொரு முடிச்சுக்கும் இடையில் இழுத்துப் பாருங்கள். நான்கு விரல் உள்ளே போகும் தளர்வு இருக்க வேண்டும், முழங்கை நுழையும் அளவுக்குத் தொங்கக் கூடாது. வெயிலில் வெளுத்து நார் நாராக இருந்தால் மாற்றிவிடுங்கள். முன்முனையான அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் தொங்கும் கைப்பிடிகளையும் ஒருமுறை பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். காற்றறைகளின் வாயான ஹேட்ச்களின் மூடிகளை அமுக்கிச் சரிபாருங்கள். தண்ணீர் புகுந்த காற்றறை நம்மைத் தாங்காது. வாடகைப் படகில் சுற்றுக்கயிறு இல்லையென்றால் வேறு படகு கேளுங்கள். இல்லவே இல்லையென்றால் அன்றைக்குக் கழுத்தளவு ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று. விசிலும், தண்ணீர் புகாத உறையில் போட்ட போனும் லைஃப் ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும். படகின் ஹேட்சுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த போன், படகு போகும்போது அதோடு போய்விடும்.

கவிழும்போது

மூடிய வகைக் கயாக்கில், உட்காரும் குழியான காக்பிட்டுக்குள் தண்ணீர் புகாமல் மூட, இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற உறையை மாட்டியிருப்போம். தலைகீழாகத் தொங்கும்போது உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். விடாமல் முன்னால் குனிந்து, நெற்றி டெக்கைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் துடுப்பு, படகின் பக்கத்தோடு ஒட்டினாற்போல். இன்னொரு கை காக்பிட் விளிம்பைத் தடவிக்கொண்டே முன்னால் போய் ஸ்கர்ட்டின் வளையத்தைப் பிடித்து, முதலில் முன்பக்கமாகத் தள்ளி அப்புறம் வெளியே இழுக்க வேண்டும். ஸ்கர்ட் கழன்றதும் அதே கை திரும்ப விளிம்புக்கு வருகிறது. கால்சட்டையைக் கழற்றுவது மாதிரி படகை இடுப்பிலிருந்து தள்ளி வெளியே வருகிறோம். முட்டி விடுபடும் வரைக்கும், தலை மேலே வரும் வரைக்கும், அந்தக் கை விளிம்பை விடக் கூடாது.

இதில் துடுப்பு கையை விட்டுப் போனால் போகட்டும். முதல் மாதத்தில் பாதிப் பேருக்குப் போகும். துடுப்பைக் காப்பாற்ற நினைத்துப் படகை விட்டவர்களைத்தான் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். படகு கையில் இருந்தால், அதைப் பிடித்தபடியே காலை உதைத்து நீந்திப் போய்த் துடுப்பை எடுக்கலாம்.

மேலே வந்த முதல் ஐந்து விநாடி

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகு போவது பெரும்பாலும் இங்கேதான்.

தலை வெளியே வந்ததும் உடம்பு தானாகச் சில காரியங்கள் செய்யும். மூச்சை இழுக்கும். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சீறும். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கும். தொப்பியைத் தேடும், கண்ணாடியைத் தேடும். எல்லாம் செய்யலாம், ஒற்றைக் கையால். மற்ற கை விளிம்பிலிருந்து நகர்ந்து, டெக்கின் ஓரத்தில் ஓடும் சுற்றுக்கயிற்றுக்கு வந்திருக்க வேண்டும். படகு தலைகீழாகக் கிடப்பதால் கயிறு தண்ணீருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வழவழப்பான அடிப்பக்கத்தைத் தட்டித் தடவிக்கொண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. கையைக் கீழே விட்டு ஓரத்தைத் தடவினால் கயிறு விரலில் படும்.

பிடித்ததும் வாய் விட்டு எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணினால் மூச்சு அடங்கும். அதற்கப்புறம்தான் சுற்றிப் பார்க்க வேண்டும்: துடுப்பு எங்கே, கூட வந்தவர் எங்கே, காற்று எங்கிருந்து.

படகை உடனே நிமிர்த்த வேண்டாம். தலைகீழாகக் கிடக்கும்போது காக்பிட்டும் டெக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் அது மெதுவாகத்தான் நகரும். ஏறுவதற்கோ உதவி கைக்கு எட்டுவதற்கோ நேரம் வரும்போது நிமிர்த்தினால் போதும்.

மேலே உட்காரும் வகைக்கு இது பொருந்தாது. அது நிமிர்ந்தே நிற்கும், உயரமாகவும் மிதக்கும், காற்று தொட்டதும் ஓடும். அதில் போகிறவர்கள் விழும்போதே படகின் எந்தப் பகுதியையாவது பற்றிக்கொண்டு விழப் பழக வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். நாலு முறை விழுந்து பார்த்தால் கை தானாகப் போகும்.

படகைச் சுற்றி நகர்வது

ஒரு கை அடுத்த பிடியை இறுகப் பற்றும் வரைக்கும் மறுகை பழைய பிடியை விடக் கூடாது. பனை ஏறுகிறவர் கையை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. இரண்டு கையும் ஒரே சமயத்தில் காலியாக இருக்கும் கணமே வரக் கூடாது. காக்பிட்டிலிருந்து அணியத்துக்கு இரண்டரை மீட்டர் இருக்கும். நாலைந்து கைமாற்றில் போய்விடலாம்.

எதற்கு அணியம்? முனையைப் பிடித்துத் தொங்கினால் நம் உடம்பே நங்கூரம் மாதிரி இழுக்கும். படகு காற்று போகும் பக்கமாக நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும், காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைந்துவிடும். நடுவில் பிடித்தால் ஐந்து மீட்டர் பக்கமும் காற்று தள்ளும், பத்து நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும். முனையில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையில் துடுப்போடு, வெகுநேரம் இருக்கலாம்.

கயிற்றுக்குள் விரலை விட்டு முறுக்கிக்கொள்ளாதீர்கள். அலையில் படகு உருண்டால் கயிறு சுருண்டு விரலை இறுக்கும். எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். முனையில் உருளைக் கட்டை வடிவில் கைப்பிடி வைப்பது அதற்காகத்தான். படகு உருண்டாலும் அது கைக்குள் சுழலும்.

அலை உடையும் இடத்தில்

கோவளம், புதுச்சேரி மாதிரி திறந்த கடற்கரைகளில் கணக்கே வேறு. தண்ணீர் நிறைந்த காக்பிட்டோடு கயாக் நூறு கிலோவைத் தாண்டும். அலை அதைத் தூக்கி அடித்தால், இடையில் இருப்பவரின் விலா எலும்போ முட்டியோ தாங்காது. எப்போதும் படகுக்குக் கடல் பக்கமாக இருங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். கடலை நோக்கிய முனையின் கைப்பிடியைப் பிடித்து, படகை முன்னால் விட்டுப் பின்னாலேயே போங்கள்.

பெரிய அலை வந்து கையை முறுக்கினால்? இங்கே மட்டும் விட்டுவிடுங்கள். அலை கரையை நோக்கித்தான் கொண்டுபோகும், படகு நமக்கு முன்னால் மணலில் கிடக்கும். ஆனால் போகும் பாதையில் குளிப்பவர்கள் இருந்தால் கத்திச் சொல்ல வேண்டும்.

துணைக்கு வருபவரிடம் ஒப்படைப்பது

இரண்டு பேராகப் போயிருந்தால் வேலை சுலபம். ஆனாலும் படகு தொலைவது இங்கேயும் நடக்கிறது. வந்தவர் பிடித்துவிட்டார் என்று விழுந்தவர் நினைக்கிறார், விழுந்தவர் பிடித்திருக்கிறார் என்று வந்தவர் நினைக்கிறார். இரண்டு பேரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வேண்டும். வந்தவர் உங்கள் அணியத்தைப் பற்றிக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று சொன்ன பிறகு, உங்கள் ஒரு கை அவர் படகின் சுற்றுக்கயிற்றுக்குப் போகிறது. அது இறுகிய பிறகுதான் மற்ற கை உங்கள் படகை விடுகிறது. அவர் உங்கள் அணியத்தைத் தன் டெக்கின் குறுக்கே இழுத்து, தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, தன் படகோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பார். அதற்குள் நீங்கள் அவர் படகை விட்டு எங்கும் போகக் கூடாது. துடுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் உதவப் போகிறவர் என்றால், ஆளும் படகும் பிரிந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் ஆளிடம் போங்கள். அவரை உங்கள் அமரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது பின்டெக்கில் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். பிறகு இருவருமாகப் படகைத் துரத்தலாம். ஆளை விட்டுப் படகின் பின்னால் போனால், திரும்பி வரும்போது அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தேட வேண்டியிருக்கும். அது எவ்வளவு சின்னது என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தனியாக ஏறும்போது

ஏறும்போது படகு சாயாமல் தாங்குவதற்காகத் துடுப்பின் முனையில் மாட்டும் காற்றுப் பையை ஊத இரண்டு கையும் வேண்டும். அப்போது படகை யார் பிடிப்பது? ஒரு காலைத் தலைகீழாகக் கிடக்கும் காக்பிட்டுக்குள் முட்டி வரைக்கும் விட்டு மாட்டிக்கொள்ளுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. கை இரண்டும் விடுபட்டுவிடும், படகும் எங்கும் போகாது. பையைத் துடுப்பில் மாட்டி ஊதி முடித்ததும் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, அப்புறம் காலை எடுத்து, படகை நிமிர்த்துங்கள். துடுப்பின் தண்டைக் காக்பிட்டுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, தண்டையும் விளிம்பையும் சேர்த்து ஒரே கையால் இறுக்கிக்கொள்ள வேண்டும். கால்களை உதைத்துப் பின்டெக்கில் குப்புற ஏறி, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, காற்றுப் பை இருக்கும் பக்கமாகவே உடம்பைத் திருப்பி உட்காருங்கள். எதிர்ப்பக்கம் திரும்பினால் மறுபடி தண்ணீர்தான்.

கயிறு போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். சர்ஃப் ஸ்கீ என்ற, மேலே உட்காரும் வகையிலேயே குறுகலான, லேசான படகை ஓட்டுபவர்கள் காலில் கயிறு மாட்டுவது வழக்கம். கடல் கயாக்கில் தனியாகத் திறந்த கடலுக்குப் போகிறவருக்கும், ஒரே இழுப்பில் கழலும் பூட்டு இருந்தால் சரி என்பேன். அலை உடையும் இடத்தில் வேண்டாம். கயிறு கழுத்திலோ காலிலோ சுற்றினால் அவிழ்க்க நேரம் இருக்காது. முடிச்சுப் போட்டுக் கட்டுவது எங்கேயும் கூடாது.

போய்விட்டால்

இருபது கை. எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இது. முழு வேகத்தில் இருபது கை போட்டும் இடைவெளி பாதியாகக் குறையவில்லை என்றால் நிறுத்திவிடுவேன். அன்றைக்கு மண்டபத்தில் நாற்பது போட்டுக் களைத்த பிறகு கையைத் தூக்கி அசைக்கக்கூடத் தெம்பில்லை.

நிறுத்திவிட்டு மல்லாந்து, முட்டியை மார்போடு இழுத்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவின் கரையோரம் பல இடங்களில் ஆழம் குறைவு, அதனால் காலை ஊன்றிப் பாருங்கள், தரை தட்டலாம். தட்டவில்லை, காற்றும் கடலுக்குள் தள்ளுகிறது என்றால் கரைக்கு நீந்திச் சாவகாசமாகப் போய்விடலாம் என்ற கணக்கு வேண்டாம். விசிலை மூன்று மூன்றாக ஊதுங்கள். துடுப்பு கையில் இருந்தால் அதன் இலையை நிமிர்த்தித் தூக்கி அசையுங்கள், தலையைவிட அது தூரத்திலிருந்து தெரியும். போன் எடுத்தால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கு 1093. கப்பல்களோடு பேசும் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். மீட்கப்பட்ட பிறகு, படகு தனியாக மிதக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆளில்லாத கயாக்கைப் பார்க்கிறவர்கள் உங்களைத் தேடிக் கடலைச் சலிப்பார்கள்.

பழகும் முறை

மார்பளவு தண்ணீர், ஒரு நண்பர். கண்ணை மூடிக்கொண்டு கவிழுங்கள். வெளியே வந்து, கையைக் கயிற்றுக்குக் கொண்டுபோய், அணியம் வரைக்கும் நகர்ந்து, அங்கிருந்து சுற்றி அமரத்துக்குப் போய், திரும்பக் காக்பிட்டுக்கு வாருங்கள். நண்பருக்கு ஒரே வேலை: இரண்டு கையும் படகை விட்ட கணத்தில் சத்தம் போடுவது. முதல் நாள் நிறையச் சத்தம் கேட்கும். அப்புறம் அவர் எதிர்பாராத நேரத்தில் முகத்தில் தண்ணீரை வாரி அடிக்கட்டும், உங்கள் பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிடட்டும், துடுப்பைப் பிடுங்கித் தூரப் போடட்டும். கை எங்கே போகிறது என்று பாருங்கள். அது முகத்துக்கோ துடுப்புக்கோ போனால் இன்னும் பழக வேண்டும்.

இதற்குக் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் நாளாகப் பார்த்து இறங்குங்கள். கை நழுவினாலும் படகு மணலில்தான் போய் ஒதுங்கும்.